ஆளுக்கு ஒரு தாள்

எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு வந்த முதல் நாளே அந்த அம்மா கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ஐந்து வருஷமாக ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதே மேசையில் உட்கார்ந்திருந்தவள் நான்.

"மணி அடிக்குதுன்னு சொல்றீங்களே, எங்கே அடிக்குது?" என்று கேட்டார்.

யாருக்குப் பேச வேண்டுமோ அவர் வீட்டில்தான் என்றேன். அப்படியானால் கூப்பிடுகிறவர் காதில் கேட்பது என்ன என்றார். அதுவும் அதே மணிதான் என்றேன். இல்லை என்று தலையாட்டினார். இங்கே ஒரு சத்தம் அனுப்புவதும் எக்ஸ்சேஞ்ச்தான், அங்கே மணியை அடிப்பதும் எக்ஸ்சேஞ்ச்தான். இரண்டும் வேறு வேறு, ஒன்று நடக்காமலே இன்னொன்று நடக்கலாம் என்றார்.

எனக்கு உடனே உரக்கடைக்காரரும் ரைஸ்மில்காரரும் நினைவுக்கு வந்தார்கள். அரை மணி நேரம் அடித்தேன், எடுக்கவில்லை என்பார் ஒருவர். எங்கள் வீட்டில் மணியே அடிக்கவில்லை என்று சத்தியம் செய்வார் மற்றவர். இருவரில் யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் ஊர், பாப்பாரப்பட்டிக்கும் பென்னாகரத்துக்கும் இடையில் ஒரு கிளைச்சாலையில் இருக்கிறது. பெங்களூரில் ஒரு கம்பெனி புதிதாக ஒரு எலக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்ச் செய்து, அதைச் சின்ன ஊர்களில் வைத்துச் சோதித்துப் பார்த்தது. எங்கள் ஊருக்கும் ஒன்று ஜீப்பில் வந்தது. பீரோ அளவுகூட இல்லை. ஊருக்குள் பேசுவதை அதுவே இணைத்துவிடும். தருமபுரிக்குப் போகிற ஒரே லைனையும் அதுதான் பிடித்துக் கொடுக்கும். வெளியூருக்குப் பேச வருகிறவர்களுக்கு மட்டும் நான் என் மேசையிலிருந்து தருமபுரி ஆபரேட்டரைக் கூப்பிட்டு வாங்கித் தர வேண்டும்.

இயந்திரத்தைப் பூட்டியவர்கள் ஒரு வாரத்தில் போய்விட்டார்கள். அந்த அம்மா மட்டும் தங்கினார். ஊரில் எல்லோருக்கும் அவர் பெங்களூர் மேடம். முப்பது வயதிருக்கும். கன்னடக்காரர், தமிழ் பேசுவார், நடுவில் வார்த்தை கிடைக்காதபோது கன்னடமும் தமிழுமாக "சொல்ப இருங்க" என்று நிறுத்தி யோசிப்பார். இடது கையால் எழுதுவார். எழுதியதன் மேலேயே கை நகர்ந்து போவதால் சுண்டுவிரல் ஓரம் எப்போதும் மையாக இருக்கும்.

இயந்திரத்தைத் தொடுவது அவர் வேலை இல்லை. அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதுவதுதான் வேலை. அதற்கென்று ஒரு மொழி இருக்கிறது என்றார். பல தேசத்து டெலிபோன்காரர்கள் கூடி உண்டாக்கிய மொழியாம். கட்டம் கட்டமாக வரைவார். இந்த நிலையில் நிற்கிறது, இந்தச் சைகை வந்தால் இதைச் செய்கிறது, அடுத்த நிலைக்குப் போகிறது. கட்டங்களுக்குள் நாலைந்து ஆங்கிலச் சொல்தான் இருக்கும். அந்த மொழியில் 'சாதாரணமா', 'அநேகமா' என்ற வார்த்தைகளே கிடையாது என்று ஒருநாள் சொன்னார். அப்படியென்றால் எங்கள் ஊரில் யாரும் அதைப் பேச முடியாது என்றேன். ரொம்ப நேரம் சிரித்தார்.

அவருடைய வழக்கம் ஒன்று இருந்தது. எதையும் ஒரே தாளில் எழுத மாட்டார். கூப்பிடுகிறவருக்கு ஒரு தாள். கூப்பிடப்படுகிறவருக்கு ஒரு தாள். எனக்கு ஒன்று, தருமபுரிக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் அந்த ஆள் நிற்கிற இடத்திலிருந்து என்ன தெரியுமோ, என்ன கேட்குமோ, அது மட்டும்தான் இருக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் தரையில் பரப்பி, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று முட்டிபோட்டபடி பார்ப்பார்.

லைன்மேன் மாதையன் அண்ணனுக்கும் ஒரு தாள் போட்டார். அவர் கூச்சத்தோடு, தனக்கு எக்ஸ்சேஞ்ச் என்றால் கம்பமும் கம்பியும் மழையும் அணிலும் புளியங்கிளையும்தான் என்று சொன்னார். மேடம் அணில் உட்பட எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். இருபது வருஷ சர்வீஸில் தான் சொன்னதை ஒருவர் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை என்று அண்ணன் என்னிடம் சொன்னார். மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார்.

என் தாளை எழுதியபோது ஒரு சின்ன வாக்குவாதம் வந்தது. தருமபுரி ஆபரேட்டர் அக்காவை நான் பார்த்ததே இல்லை. ஐந்து வருஷமாகக் குரல் மட்டும்தான் பழக்கம். அதிகாரமான, தடித்த குரல். வேண்டுமென்றே என்னைக் காக்கவைப்பார் என்று சொன்னேன். மேடம் எழுதாமல் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரிஞ்சது, சத்தம் வரலைங்கறதுதான். வேணும்னே செஞ்சாங்கறது உங்க தாள்ல வராது ஸ்டெல்லா."

அப்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

அதைவிடப் பெரிய எரிச்சலும் ஒருமுறை வந்தது. அதற்கு முந்தின வருஷம் எனக்கு ஏரியூர்ப் பக்கத்து வாத்தியார் ஒருவரோடு கல்யாணம் பேசி, மாதா கோயிலில் ஞாயிறு பூசையில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையும் வாசித்துவிட்டார்கள். இரண்டாவது ஞாயிறு வாசிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். ஷிப்டு பார்க்கிற பெண் வேண்டாம் என்று அவர்கள் நினைத்ததுதான் காரணம் என்று நானும் அம்மாவும் முடிவுகட்டி, அதோடு அந்தப் பேச்சை மூடிவிட்டோம். ஒரு சாயங்காலம் மேடத்திடம் இதைச் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்த வாத்தியாரின் தாளில் என்ன இருக்கும், அவரிடம் கேட்டீர்களா என்றார்.

எழுந்து வந்துவிட்டேன். இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை. மூன்றாவது நாள் வீட்டுக்கே வந்தார். அம்மா வைத்த கொள்ளுக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவப் போகும்போது மெதுவாகச் சொன்னார். "கேட்டது தப்பு. எங்க நிறுத்தணும்னு எனக்குத் தெரியறதில்ல. எங்க வீட்லயும் இதனாலதான் எங்கூட யாரும் சரியாப் பேசறதில்ல."

அதற்குப் பிறகு அவர் மேல் கோபப்பட என்னால் முடியவில்லை.

மாசி மாதம், புளி உலுக்குகிற நேரம். ஒரு மத்தியானம் மூன்று மணிக்குக் கந்தம்மா ரத்தக் கறையோடு எக்ஸ்சேஞ்சுக்கு ஓடிவந்தார். அவர் கணவர் கோவிந்தன் சாலையோரப் புளியமரத்தில் கிளை முறிந்து விழுந்துவிட்டார். கால் எலும்பு வெளியே தெரிகிறது, தருமபுரிக்குப் போன் போட்டு ஆம்புலன்ஸ் வரச்சொல்லுங்கள் என்று கேட்டார். மேடம் அன்றைக்கு பெங்களூருக்குப் போயிருந்தார்.

நான் லைனைப் பிடித்தேன். பிடித்ததற்கு அடையாளமாக விளக்கு எரிந்தது. அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள் என்று காட்டுகிற இன்னொரு விளக்கும் எரிந்தது. ஆனால் குரல் இல்லை. அக்கா, அக்கா என்று கூப்பிட்டேன். கிணற்றுக்குள் பேசுவது போலிருந்தது. வைத்துவிட்டு மறுபடி பிடிக்கலாம் என்றால், நான் வைத்தும் இயந்திரம் லைனை விடவில்லை.

நாலு மணி பஸ் வந்தபோது கோவிந்தனை அதில் ஏற்றிவிடலாமா என்று கேட்டார்கள். பஸ்ஸில் குலுங்கினால் உயிரே போய்விடும், இரண்டு விளக்கும் எரிகிறது, இதோ கிடைத்துவிடும் என்று நான்தான் சொன்னேன். பஸ் போய்விட்டது. மாதையன் அண்ணன் ஏதோ கம்பத்திலிருந்து இறங்கி வந்து இயந்திரத்தின் மின்சாரத்தையே பிடுங்கிப் போட்ட பிறகுதான் லைன் திரும்பியது. அதற்குள் பால் வேன் வந்து, அதில் அவரைக் கொண்டுபோய்விட்டார்கள்.

கோவிந்தன் பிழைத்தார். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் சொன்னாராம். அந்த வார்த்தை அவருக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்தது.

பத்து நாளில் எனக்கு மெமோ வந்தது. அன்றைக்கு மூன்று மணியிலிருந்து தருமபுரி கூப்பிட்டுக்கொண்டே இருந்தது, இந்த ஊர் ஆபரேட்டர் பதில் பேசவில்லை என்று அங்கே பதிவாகியிருந்தது. ஆபரேட்டர் விளக்கைப் பார்த்துக்கொண்டே சும்மா உட்கார்ந்திருந்தார் என்று கந்தம்மாவும் சொல்லியிருந்தார். நான் அப்போதும் தற்காலிகம்தான். நிரந்தரமாக்குகிற பட்டியலில் அந்த வருஷம்தான் என் பெயர் ஏறியிருந்தது. அப்பா இல்லாத வீடு. வேலை போனால் நானும் அம்மாவும் அடுத்தவர் காட்டில்தான் களை எடுக்க வேண்டும்.

மேடம் மெமோவை இரண்டு முறை படித்தார். கவலைப்படாதீர்கள் என்று சொல்லவில்லை. மூன்று வெள்ளைத் தாள்களை எடுத்தார்.

முதலில் என்னைக் கேட்டார். பிறகு தனியாகப் போய்க் கந்தம்மாவிடம் கேட்டுவிட்டு வந்தார். "அவங்க நீங்க வேலை செய்யலைன்னு சொல்லல. விளக்கைப் பாத்துட்டே இருந்தீங்கன்னுதான் சொன்னாங்க. அது நிஜம்தானே?" என்றார். நிஜம்தான். அந்த ஒரு மணி நேரமும் நான் வேறு எதையும் பார்க்கவில்லை.

மூன்றாவது தாளுக்காக என்னையும் அழைத்துக்கொண்டு தருமபுரிக்கு பஸ் ஏறினார்.

அந்த அதிகாரக் குரலுக்கு நான் மனதில் ஒரு பெரிய உடம்பைக் கொடுத்து வைத்திருந்தேன். மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்தவர் என் தோள் உயரம்தான் இருந்தார். மூக்குக்கண்ணாடியின் ஒரு காலை நூல் போட்டுக் கட்டியிருந்தார். என் பெயரைக் கேட்டதும் பக்கத்து ஸ்டூலில் இருந்த டிபன் பாக்ஸை எடுத்து வைத்துவிட்டு உட்காரச் சொன்னார். அவருக்கும் ஒரு மெமோ வந்திருந்தது.

அன்றைக்கு மூன்று மணிக்கு என்ன நடந்தது என்று மேடம் கேட்டார். மெட்ராஸிலிருந்து எங்கள் ஊருக்கு ஒரு கால் காலையிலிருந்து காத்துக் கிடந்ததாம். மூன்று மணிக்குத்தான் முறை வந்து, இவர் எங்கள் ஊர் லைனில் கார்டு என்கிற இணைப்பு வயரைச் செருகியிருக்கிறார்.

"லைட்டு எரிஞ்சுது. நீ எடுத்துட்டேன்னுதான் நெனச்சேன். பேச்சு வரல. கார்டைப் புடுங்கினா அந்த மெட்ராஸ் கால் வரிசையில கடைசிக்குப் போயிடும், பாவம் யாரோ உங்க ஊர் ஆளுக்கு வந்ததாச்சேன்னு புடுங்காமயே வெச்சிருந்தேம்மா," என்றார்.

"நானும் நீங்க எடுத்துட்டீங்கன்னுதான் நெனச்சேங்க்கா," என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் மேடத்தைத் திரும்பிப் பார்த்தேன். எழுதிக்கொண்டிருந்த இடது கை பாதி வரியில் நின்றிருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தன் பையிலிருந்து இரண்டு பெரிய வரைபடங்களை எடுத்து மடியில் விரித்தார். ஒன்று எங்கள் பக்கத்து லைன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அவர் எழுதியது. மற்றது தருமபுரிப் பக்கத்து லைன் எப்படி நடந்துகொள்ளும் என்பது. இண்டூர் தாண்டும் வரை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

எங்கள் இயந்திரம் கூப்பிட்டதும், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சைகை வந்தால் எடுத்துவிட்டார்கள் என்று பொருள். அவர்கள் கூப்பிடும்போது வருவதும் கம்பியில் அதே மாதிரிச் சைகைதான். இரண்டு பேரும் ஒரே நொடியில் கூப்பிட்டால், ஒருவர் கூப்பிட்டதை மற்றவர் பதில் என்று எடுத்துக்கொள்வார்கள். பிறகு இருவருமே அடுத்தவர் பேசுவதற்காகக் காத்திருப்பார்கள். அந்தப் பக்கம் விடும்வரை நம் இயந்திரமும் விடாது. அப்படித்தான் அதற்கு எழுதிக் கொடுத்திருந்தது.

"இது தனியாச் சரி. அதுவும் தனியாச் சரி. ரெண்டும் ஒண்ணாத் தொடங்கினா என்ன ஆகும்னு நான் வெச்சுப் பாக்கல. அதைப் பாக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்," என்றார்.

உண்மையைச் சொன்னால், எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். என் மேல் தப்பில்லை. அந்த நிம்மதியில் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தவள், கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர் மடியில் இருந்த தாள்களை மடிப்பதும் பிரிப்பதுமாக இருப்பதைக் கவனித்தேன். பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார்.

அந்த வாரம் பெங்களூரிலிருந்து அவருடைய மேலதிகாரி போனில் வந்தார். நான்தான் இணைத்தேன். கேட்கக் கூடாதுதான், கேட்டேன். எங்கள் பக்கத்தில் யாருக்குத்தான் கன்னடம் புரியாது. லட்சத்தில் ஒரு தடவை நடக்கிற விஷயம் அது, கம்பிக் கோளாறு, ஆபரேட்டர் சுறுசுறுப்பாக இல்லை என்று எழுதிவிடு என்றார் அவர். அடுத்த மாதம் டெல்லியிலிருந்து ஆட்கள் இயந்திரத்தைப் பார்க்க வருகிறார்களாம். மேடம் குரலை உயர்த்தவில்லை. அறிக்கையை நேற்றே தபாலில் போட்டுவிட்டேன், பிழை என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்றார். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

மேடம் என் மேசைக்கு வந்து, நான் கழுத்தில் இறக்கி விட்டிருந்த ஹெட்போனைப் பார்த்தார். "எல்லாம் கேட்டுதா?" என்றார். நான் தலைகுனிந்தேன். "நல்லாத்தான் கேட்டிருக்கும். லைன் இன்னைக்குச் சுத்தமா இருந்துது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கும் தருமபுரி அக்காவுக்கும் வந்த மெமோக்கள் ரத்தாயின. ஆவணி மாதம் நிரந்தர உத்தரவு வந்தது. இயந்திரத்தை ஜீப்பில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். மேடத்தை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டு, ஆபீசில் புத்தகங்களைச் சரிபார்க்கிற இடத்தில் உட்காரவைத்தார்கள் என்று பிறகு தெரிந்தது. மறுவருஷம் அதே இயந்திரம் வேறு ஆட்களோடு திரும்பி வந்தது, அவர் எழுதிவிட்டுப் போன திருத்தத்தோடு. அதற்குப் பிறகு ஒருமுறைகூட அப்படி நின்றதில்லை. இயந்திரம் நன்றாக வேலை செய்ததால் என் மேசைக்கு வேலை இல்லாமல் போய், என்னைத் தருமபுரிக்கு மாற்றினார்கள். அக்கா ரிடையராகும் வரை பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தோம். மேடத்திடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. இரண்டிலும் இடமிருந்து வலமாக மை இழுபட்டிருந்தது. பிறகு நின்றுவிட்டது. நான் போட்ட கடிதம் விலாசதாரர் இல்லை என்று திரும்பியது.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோவிந்தன் வீடுதான். ஊரைவிட்டுப் போவதற்கு முந்தின நாள், என் தமிழ் பத்தாது, கூட வாருங்கள் என்று என்னை அழைத்துக்கொண்டு போனார். போக வேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

கந்தம்மா வெளி அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தார். மேடம் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். அன்றைக்கு போன் கிடைக்காததற்கு ஸ்டெல்லா காரணமில்லை, தருமபுரி காரணமில்லை, நான் எழுதியதில் இருந்த பிழை என்றார். களியைப் பாதியில் விட முடியாது. கந்தம்மா துடுப்பை நிறுத்தாமல் கிண்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் சட்டியை இறக்கி வைத்தார்.

"இத எங்கிட்டச் சொல்லி என்னாவுறதுங்க. அவரு உள்ளதான் இருக்காரு. அவருகிட்டச் சொல்லுங்க."

உள்ளே கயிற்றுக் கட்டிலில் கோவிந்தன் உட்கார்ந்திருந்தார். மேடம் தரையில் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னார். இரண்டு இடத்தில் நான் தமிழ்ச் சொல் எடுத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவருக்கு நான் தேவைப்படவில்லை. கோவிந்தன் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப, ரெண்டு பக்கமும் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்களா?"

"ஆமாங்க. ரெண்டு பேரும் கூப்பிட்டுட்டேதான் இருந்தாங்க."

"அந்த மரத்தடியில கெடந்தப்ப, நம்மள மாதிரி ஆளுக்குன்னா எவன் போன எடுப்பான்னுதான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். ஆசுபத்திரியிலயும் அதேதான் நெனப்பு," என்றார்.

மேடத்தின் கண் கோவிந்தனின் முகத்தைவிட்டு நகரவில்லை. இப்போது சரிசெய்துவிட்டீர்களா என்று கோவிந்தன் கேட்டார். எழுதிவிட்டேன், இனிமேல் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் ஒரு பக்கம் விட்டுக்கொடுத்துவிடும் என்றார் மேடம்.

"எந்தப் பக்கம் விட்டுக்குடுக்கும்?"

மேடம் தயங்கினார். வேறு மாதிரி சொல்லியிருந்தால் அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது.

"நம்ம பக்கங்க. அந்தப் பெரிய எக்ஸ்சேஞ்சை மாத்த எனக்கு அதிகாரம் இல்ல. ஆனா, நாம விட்டுக்குடுத்தா அவங்க கால் உள்ள வரும். வந்த உடனே ஸ்டெல்லா பேசலாம்."

கோவிந்தன் கதவோரம் நின்றிருந்த மனைவியைப் பார்த்தார். "கேட்டியா, இதுலயும் நாமதான்," என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். கசப்பாக இல்லை, வேடிக்கையான ஒன்றைக் கேட்டவர் போலவே சிரித்தார். மரத்திலிருந்து விழுந்த பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று கந்தம்மா பிறகு என்னிடம் சொன்னார்.

மேடம் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்தபடி ஆமாங்க என்றார். கண்ணைத் துடைக்கப் போனவர் விரலில் மை இருப்பதைப் பார்த்து, புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

கந்தம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே வந்து இரண்டு தட்டுகளை எடுத்தார்.

"கையக் கழுவிட்டு வந்து குந்துங்க ரெண்டு பேரும். களி ஆறுது."